டிபன் முடிஞ்சிடுச்சு, சாப்பாடுதான்

“டிபன் முடிஞ்சிடுச்சும்மா. சாப்பாடுதான் இருக்கு.”

பெரிய காஞ்சிபுரத்தில், பேருந்து நிலையத்திலிருந்து நெல்லுக்காரத் தெருப் பக்கம் போகும் வழியில், ஒரு சந்துக்குள் எட்டே மேசை போட்ட சைவ ஓட்டல். மணி பன்னிரண்டே கால். சென்னையிலிருந்து முகூர்த்தப் புடவை எடுக்க வந்த மூன்று பெண்கள் கை கழுவிவிட்டு உட்கார்ந்ததும் சப்ளையர் சொன்ன முதல் வார்த்தை இது. கல்யாணப் பெண், அவள் அம்மா, பெரியம்மா. கேட்டது பெரியம்மாதான். வயிற்றை அடைக்காமல், லேசாக, இரண்டு இட்லியோ ஒரு ஊத்தப்பமோ.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காலையில் ஏகாம்பரநாதர் கோயிலின் நீண்ட பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றியாயிற்று. காமாட்சி அம்மன் சன்னதியில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நின்றாயிற்று. இனி காந்தி ரோட்டில் நான்கு கடையாவது ஏறி இறங்க வேண்டும். மெத்தை விரித்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே விசிறி விசிறிப் போடப்படும் புடவைகளில் அரக்கு எது, மாம்பழ மஞ்சள் எது என்று கண்ணை நட்டுப் பார்க்கிற வேலை. சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர் என்று நாலு சுற்று வந்தவர்களுக்கு மூன்றாவது புடவையிலேயே கண் சொக்கிவிடும். கடைக்காரருக்கு அது லாபம், வாங்குகிறவருக்கு இல்லை.

போதாததற்கு, காஞ்சிக்கு வருகிற எல்லோரையும் நண்பகல் ஒரே நேரத்தில் தெருவுக்குத் தள்ளிவிடுகிறது. பெரிய கோயில்களில் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். கிருஷ்ணதேவராயர் 1509-ல் எழுப்பிய ஏகாம்பரநாதர் ராஜகோபுரத்தின் நிழல்கூட அந்நேரம் காலடிக்குள் ஒடுங்கிவிடும். பஸ்ஸில் வந்தவர், வேனில் வந்தவர், ஐயப்ப சாமிகள், கல்யாணக் கோஷ்டிகள், வெளிநாட்டுப் பயணிகள் எல்லோருக்கும் அந்த நான்கு மணி நேரத்தில் செய்வதற்கு இரண்டே வேலை: ஒன்று பட்டு, மற்றொன்று சாப்பாடு.

அந்தச் சாப்பாடு ஏன் டிபனாக இருக்கக் கூடாது? இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டிபன் என்ற சொல்லே மதியத்தின் லேசான சாப்பாட்டுக்காகப் பிறந்ததுதான். ஹென்றி யூலும், சென்னை மாகாணத்தில் நீதிபதியாக இருந்த ஏ.சி. பர்னலும் தொகுத்து 1886-ல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் பகலில் கொள்ளும் சிறிய உணவுக்கு டிபன் என்று பொருள் சொல்கிறது. வெயிலில் கனமாகச் சாப்பிட முடியாத துரைமார்கள் பகலுக்கு அதையும் இரவுக்குப் பெரிய விருந்தையும் வைத்துக்கொண்டார்கள். சொல்லைத் தமிழர்கள் எடுத்துக்கொண்டார்கள். நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. நம்மிடம் ஏற்கெனவே ‘பலகாரம்’ இருந்தது. அமாவாசை இரவிலும் விரத நாளிலும் சோறு உண்ணாதவர்கள் கொள்வது அது. டிபன் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தது. காலைக்கும் மாலைக்கும் டிபன். உச்சி வேளை சோற்றுக்கு. மும்பையில் டப்பாக்காரர்கள் சுமக்கும் ‘டிபன்’ இன்றும் மதியச் சாப்பாடுதான். காஞ்சிபுரத்தில் பன்னிரண்டு மணிக்கு டிபன் கேட்டால், கல்யாண வீட்டுக்குத் தாலி கட்டி முடிந்தபின் வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

சப்ளையர் மனம் வைக்காததால் அல்ல, அடுப்பு இடம் கொடுக்காததால்தான் இப்படி. எட்டு மேசை ஓட்டலில் தோசைக்கல் ஒன்றுதான் இருக்கும். அதன் முன் நிற்கும் மாஸ்டர் விடியற்காலை நாலரை, ஐந்துக்கே வந்தவர். பதினொரு மணிக்குக் கல்லை அணைத்துவிட்டுப் படுக்கப் போனால், மறுபடி மூன்று மணிக்கு மேல்தான் வருவார். இட்லிக் கொப்பரை இறங்கிய அடுப்பில் சாத அண்டா ஏறியிருக்கும். காலை மாவு தீர்ந்திருக்கும். மாலை மாவு இன்னும் பொங்கியிருக்காது. கல்லாவில் இருப்பவருக்கு வேறு கணக்கு. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவருக்கு இலை போட்ட மறு நிமிடம் எல்லாம் வந்துவிடும். இருபது நிமிடத்தில் எழுந்துவிடுவார். ஒரு ரோஸ்டுக்காகக் காத்திருப்பவர் அதே நாற்காலியை அரை மணி நேரம் பிடித்து வைப்பார். வெளியே நிற்கும் வேனில் பதினெட்டுப் பேர் இருக்கும்போது அது கட்டுப்படியாகாது.

ஆகவே லேசாகச் சாப்பிட வேண்டும் என்பவர் அதை வேறு பெயரில் கேட்கத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லாவுக்கு மேலே தொங்கிய பலகையில் அந்தப் பெயர்கள் இருந்தன. ‘முழுச் சாப்பாடு’ என்றால் கேட்கக் கேட்கச் சோறு. ‘அளவுச் சாப்பாடு’ என்றால் ஒரு கிண்ணம் கவிழ்த்த சோறு, சுற்றிலும் குட்டிக் கிண்ணங்கள், இரண்டாம் முறை கிடையாது. அதற்கும் கீழே, எழுத்துப் பாதி அழிந்து, ‘கலவை சாதம்’: சாம்பார், புளி, எலுமிச்சை, தயிர். பார்சல் சாப்பாடு ஒன்று வாங்கினால் இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம் என்பது பலகையில் எழுதாத ரகசியம். தமிழ்நாடு முழுக்க எல்லோருக்கும் தெரிந்த ரகசியமும்கூட.

அம்மாவும் மகளும் தயிர் சாதம் என்றார்கள். பெரியம்மா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காஞ்சிபுரம் இட்லி வேணா இருக்கும்மா. ரெண்டு இருக்கு.”

“டிபன் இல்லைன்னீங்களே?”

“அது டிபன் இல்லம்மா. அது காஞ்சிபுரம் இட்லி.”

இதற்குமேல் யார் என்ன வாதாட முடியும்?

தயிர் சாதம் முதலில் வந்தது. எவர்சில்வர் தட்டில் அளவாக வெட்டிய வாழையிலை, அதன்மேல் குழைந்த சோறு. கடுகு, நறுக்கிய இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்தது. தயிர் புளிக்காமலிருக்கப் பால் அதிகம் விட்டுப் பிசைந்திருந்தார்கள். ஓரத்தில் நார்த்தங்காய் ஒரு துண்டு, ஒரு மோர் மிளகாய். மகள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தலையாட்டினாள். லேசு என்றால் அதுதான்.

பிறகு வந்தது இட்லி. வட்ட இட்லி இல்லை, டம்ளரில் ஊற்றி அவித்தது. கவிழ்த்து எடுத்தபோது டம்ளரின் வடிவம் அப்படியே நின்றது. அதைக் குறுக்கே நான்கு வில்லைகளாக அரிந்திருந்தார்கள். அரிந்த இடத்தில் ஒன்றிரண்டாக உடைந்த மிளகு கறுப்பாகத் தெரிந்தது. சீரகம், ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு. விரலால் அழுத்தினால் பஞ்சு இட்லிபோல் அமுங்காது, கொஞ்சம் எதிர்த்து நிற்கும். மாவைக் கொரகொரப்பாக அரைத்ததன் அடையாளம் அது. வாயில் வைத்ததும் நெய், அதன் பின்னால் சுக்கு, தொண்டைக்குப் போகும்போதுதான் மிளகு. சாம்பார் வாளியோடு வந்த சப்ளையரைப் பெரியம்மா கையால் தடுத்தார். மிளகாய்ப் பொடி மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த இட்லியின் மூலம் இருப்பது அங்கிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, சின்ன காஞ்சிபுரத்தில். வரதராஜப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் டம்ளர் கிடையாது. மூங்கிலில் முடைந்த நீளமான குடலைக்குள் மந்தாரை இலையைச் சுற்றிலும் அடுக்கி, மாவை ஊற்றி, ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆவியில் வைப்பார்கள். இறக்கினால் முழங்கை நீளத்துக்கு ஓர் உருளை வரும். அதை அரிந்து வினியோகிப்பார்கள். குடலை இட்லி, கோயில் இட்லி என்று ஊர்க்காரர்கள் சொல்வது இதைத்தான். பச்சரிசியும் உளுந்தும் கிட்டத்தட்ட சரிபாதி. மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய். மிளகாய் கிடையாது, அது போர்த்துக்கீசியர் கப்பலில் வந்த பொருள். மந்தாரை இலை வெந்து மாவில் இறக்கும் மணம் டம்ளரில் வராது. ஓட்டல்காரர்கள் அதை மறுப்பதும் இல்லை.

‘பல்லவர் காலத்து இட்லி’ என்று சிலர் விளம்பரப்படுத்துவதை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக் கேட்க வேண்டும். இந்திய உணவின் வரலாற்றை எழுதிய கே.டி. அசயா காட்டும் மிகப் பழைய சான்று கன்னடத்தில் இருக்கிறது. சிவகோட்டி ஆசாரியர் கி.பி. 920-ஐ ஒட்டி எழுதிய ‘வட்டாராதனை’யில் ‘இட்டலிகே’ என்ற பெயர் வருகிறது. அதற்குள் பல்லவர் ஆட்சி முடிந்து, காஞ்சி சோழர் கைக்குப் போயிருந்தது. அந்தப் பழைய பண்டத்தில் உளுந்து மட்டுமே இருந்தது, அரிசி பிற்பாடுதான் சேர்ந்தது என்கிறார் அசயா. கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன் இட்லி சாப்பிட்டிருப்பான் என்று கற்பனை செய்வதில் தவறில்லை. சாட்சி கேட்டால்தான் சிக்கல்.

காஞ்சியின் பகல் சாப்பாட்டுக்கு உண்மையான பழைய சாட்சிகள் வேறு இரண்டு உண்டு. ஒன்று மணிமேகலை. பஞ்சத்தில் வாடிய கச்சி மாநகருக்கு அமுதசுரபியோடு வந்து, பசித்தவர்க்கெல்லாம் சோறிட்டவள் அவள். இன்னொருவர் யுவான் சுவாங். ஏழாம் நூற்றாண்டில், 640-ஐ ஒட்டி, இங்கே வந்த அந்தச் சீனத் துறவி, நூறு மடங்களும் பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதிவைத்தார். பௌத்தத் துறவிகளுக்கு நண்பகல் கடந்தால் உணவு கூடாது. அவர் சொன்ன எண்ணிக்கையில் பாதி உண்மை என்று வைத்துக்கொண்டாலும், உச்சிப் பொழுதுக்குள் ஐயாயிரம் பாத்திரங்கள் நிரம்ப வேண்டும். பன்னிரண்டு மணிக்குக் காஞ்சியில் இடம் கிடைக்காதது புதிய சங்கதி அல்ல.

ஓட்டலிலும் இடம் கிடைக்கவில்லை. மூன்று பெண்கள் இருந்த மேசையின் நான்காவது நாற்காலியில், “உக்காரலாங்களா?” என்று கேட்டுவிட்டு ஒரு பெரியவர் வந்து அமர்ந்தார். மடியில் ஒரு துணிப்பை. இப்படி யாரும் எங்கும் உட்காரலாம் என்பதே தமிழ்நாட்டு ஓட்டல்களில் போராடி வந்ததுதான். தனி அறை, தனிப் பந்தி என்று சாதி பார்த்து உட்கார வைத்த காலம் ஒன்று இருந்தது. ‘பிராமணாள்’ என்ற பெயர்ப் பலகையை எதிர்த்துத் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் முன் பெரியார் மறியல் நடத்தியது 1957-ல். சங்கர மடமும் அண்ணாவின் வீடும் ஒரே ஊரில் இருக்கும் காஞ்சிபுரத்தில் இந்த நாற்காலிக் கதையை நினைக்காமல் இருக்க முடியாது.

பெரியவர் பிள்ளையார்பாளையத்து நெசவாளி. நெய்து முடித்த சேலையைக் கொடுத்துவிட்டு அடுத்த பாவுக்கு நூல் வாங்கிப் போக வந்தவர். சப்ளையரிடம் அவர் எதுவுமே சொல்லவில்லை. அளவுச் சாப்பாடு தானாக வந்தது.

“முழுச் சாப்பாடு சாப்பிட மாட்டீங்களா?” என்று கல்யாணப் பெண் கேட்டாள்.

“சாப்ட்டுட்டுத் தறியில குந்த முடியாதும்மா. இங்க இடிக்கும்” என்று வயிற்றுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார்.

குழித்தறியைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். நெசவாளி தரையின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு, மிதியை மிதிக்கிறார். நெய்த சேலை சுருண்டுகொள்ளும் படமரம் சரியாக அவர் வயிற்றின் முன் கிடக்கிறது. நாடாவை எறிய ஒவ்வொரு முறையும் அதன்மேல் கொஞ்சம் குனிய வேண்டும். உடலையும் கரையையும் கோத்து நெய்யும் கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒன்றாக இரண்டு நாடா, ஆக மூன்று. பக்கத்தில் கரை நாடா வாங்க இன்னொருவரும் உட்கார வேண்டும். ஒருவருக்குக் கண் சொருகினால் இரண்டு பேருடைய வேலையும் நிற்கும். மதியம் லேசாகச் சாப்பிடும் பழக்கத்துக்கு மருத்துவர் சீட்டு எழுதித் தராத காரணங்களும் இந்த ஊரில் இருக்கின்றன.

அவர் வீட்டில் இருக்கும் நாளில் மதியத்துக்கு என்ன என்று பெரியம்மா விசாரித்தார். காலையில் பழையது, பகலில் கொஞ்சம் சோறும் ஒரு குழம்பும், சாயங்காலம் டீ என்றார். பிறகு, கேட்காமலே, இன்னொன்றும் சொன்னார்: “எங்களுக்குக் கஞ்சி இருக்கோ இல்லையோ, பாவுக்குக் கஞ்சி போட்டுடணும்.” விடியலில் பிள்ளையார்பாளையத் தெருக்களில் பட்டுப் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் உலர்த்துவார்கள். இழைக்கு வலு சேர்வது அதில்தான். 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டுக்கு, பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. கஞ்சி மட்டும் உள்ளூர்.

அரிசி இந்த ஊரில் எங்கே தொட்டாலும் ஒட்டும். ஓட்டல் இருக்கும் வட்டாரத்துக்கே நெல்லுக்காரர்களின் பெயர். இங்கே நெசவாளர் குடும்பத்தில் 1909-ல் பிறந்த அண்ணா, 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லித்தான் கோட்டைக்குப் போனார். அரிசி கிடைக்காமல் வரிசையில் நின்ற ஒரு தலைமுறைக்கு முழு இலைச் சாப்பாடு என்பது வெறும் பசி தீர்க்கிற விஷயமாக இருந்திருக்காது. கேட்கக் கேட்கச் சோறு போடுகிற இடத்தில் போய் லேசாகக் கொடுங்கள் என்பதை அந்தத் தலைமுறையின் சப்ளையர்கள் இன்னமும் கொஞ்சம் அவமரியாதையாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனாலும் நேரம் வந்தால் இதே ஊர் லேசான மதிய உணவை லட்சக்கணக்கில் பரிமாறியிருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வரும் அத்திவரதரைப் பார்க்க, 48 நாளில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தார்கள். சராசரி போட்டால் நாளுக்கு இரண்டு லட்சம். ஊரில் குடியிருப்பவர்கள் அளவுக்கு வெளியூர்க்காரர்கள். அத்தனை பேருக்கும் இலை போட எந்த ஓட்டலாலும் முடியாது. தெருத்தெருவாக அன்னதானக்காரர்கள் தொன்னையில் நீட்டிய சாம்பார் சாதமும் புளியோதரையும்தான் பலரின் பசியைத் தணித்தன. நின்றபடியே, ஒரு கை சோறு. அளவுச் சாப்பாட்டைவிடச் சின்னது.

மணி ஒன்று. பெரியவர் இலையை மூடிவிட்டு எழுந்தார். போகிற போக்கில், “கோர்வை பாத்து எடுங்க. உடம்பும் கரையும் சேர்ற எடத்தைத் திருப்பிப் பாருங்க” என்று கல்யாணப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் அம்மா அதைக் கவனமாக மனதில் முடிந்துகொண்டாள்.

பெரியம்மாவின் தட்டில் நான்கில் இரண்டு வில்லைகள் அப்படியே இருந்தன. லேசாக வேண்டும் என்று கேட்டவருக்கு அதுவே நிறைந்துவிட்டது. சரிபாதி உளுந்தும் நெய்யும் சேர்ந்த பண்டம் வேறு எப்படி இருக்கும்? சுக்கும் மிளகும் சீரகமும் ஏன் இத்தனை தாராளமாகப் போடப்பட்டிருக்கின்றன என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். மருந்தையும் உள்ளே வைத்தே அவித்திருக்கிறார்கள்.

“கட்டித் தரட்டுமாம்மா? ராத்திரி வரைக்கும் ஒண்ணும் ஆகாது. சட்னி வேணாம், அது கெட்டுடும்.”

சப்ளையர் அந்த இரண்டு வில்லைகளை வாழையிலையில் வைத்து, மேலே செய்தித்தாள் சுற்றி, நூல் போட்டுக் கட்டினார். பில்லைத் தட்டில் வைத்தபோது அந்த இட்லியை டிபன் கணக்கில்தான் எழுதியிருந்தார்.

காந்தி ரோட்டில் மூன்றாவது கடையில் புடவை அமைந்தது. அரக்கில் பச்சைக் கரை. பெண்ணின் அம்மா அதைத் திருப்பிப் போட்டு, கோர்வை சேரும் இடத்தை விரலால் நெடுக நீவிப் பார்த்தாள். கடைப் பையன் ஒன்றும் சொல்லாமல் விளக்கை இன்னும் பக்கத்தில் இழுத்து வைத்தான். பில் போட்டு, பெட்டியில் மடித்து, கட்டைப்பையில் வைத்துக் கொடுத்தபோது மணி நாலரை.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்ட பெரியம்மா, கொஞ்ச தூரம் போனதும் திடுக்கிட்டு உள்ளே கைவிட்டார். புடவைப் பெட்டிக்கு மேலேயே இட்லிப் பொட்டலம் கிடந்தது. செய்தித்தாளின் ஒரு மூலையில் நெய் ஊறி எழுத்து கண்ணாடியாகத் தெரியத் தொடங்கியிருந்தது. அதை வெளியே எடுத்து, முந்தானையால் பெட்டியின் மேல்பக்கத்தை இரண்டு முறை துடைத்து, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டார். வாலாஜாபாத் தாண்டுவதற்குள் நூலை அவிழ்த்தார்.